பாதிக் கிணற்றுக் கல்

அந்தக் குழியைத் திரும்ப வெட்டலாம் என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவள் கெங்கம்மாள்தான். பிறகு வெகுநாள் அந்த வாயைத் தானே நொந்துகொண்டாள்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. இரண்டு பருவமாக மழை ஏமாற்றிவிட்டிருந்தது. பழைய கிணற்றில் காலையில் நாலு சால் இறைப்பதற்குள் சேறு ஏறி வந்தது. கேழ்வரகு வெளுத்து நின்றது. திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவே, பாதையிலிருந்து உள்ளே தள்ளிக் கிடந்த அந்தச் சிற்றூரில் எல்லார் வீட்டுக் கதையும் அதுதான். ஆனால் கெங்கம்மாள் வீட்டு நிலத்தின் தென்கோடியில் மட்டும் வெட்டத் தொடங்கி விட்டுவிட்ட ஒரு குழி இருந்தது. ஊரில் அதற்குப் பாதிக் கிணறு என்றே பெயர்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் கஜபதியும் அவர் தம்பி வேதாசலமும் சேர்ந்து தொடங்கிய கிணறு அது. இரண்டு ஆள் ஆழம் போவதற்குள் சகோதரர்களுக்குள் பேச்சு முற்றிவிட்டது. வேதாசலம் தன் பாகத்தைப் பிரித்துக் கொடு என்றான். கிணறு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் கஜபதி. ஐப்பசி மாதத்து ஈரத்தில், களத்துமேட்டில், ஊரே பார்க்க இருவரும் கட்டிப் புரண்டார்கள். கஜபதி அடித்த அடியில் தம்பியின் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து தொங்கியது. அன்று பிற்பகலே வேதாசலம் வீட்டைவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவனைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டான் என்றார்கள். கோலார் சுரங்கத்தில் இருக்கிறான் என்றார்கள். இன்னும் சில பேர் ஒன்றும் சொல்லாமல் பாதிக் கிணற்றுப் பக்கம் பார்த்தார்கள். ஏனென்றால் கஜபதி அந்தக் கிணற்றை அதோடு விட்டுவிட்டார். மழைக்குக் கரை சரிந்து குழி பாதி தூர்ந்துபோயிற்று.

வேதாசலத்தின் மனைவி ரத்தினம்மாள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. கழுத்தில் தாலியும் நெற்றியில் பொட்டுமாக அதே வீட்டில் இருந்தாள். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறி வேண்டிக்கொண்டு வருவாள். கெங்கம்மாளை அக்கா என்றும், கஜபதியைப் பாவா என்றும் கூப்பிடுவாள். புருஷனைப் பற்றி அவளும் பேசுவதில்லை, அவளிடம் யாரும் பேசுவதில்லை.

"பயிரு கண்ணு முன்னால சாவுது. பாதிக் கெணத்த வெட்டிப் பாத்தா இன்னா?" என்று கெங்கம்மாள் கேட்டபோது கஜபதி மண்வெட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது வேணாம்."

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம். உட்டுடு."

அவள் விடவில்லை. மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். கடைசியில் ரத்தினம்மாளே வந்து நின்றாள். "வெட்டுங்க பாவா. அது அவரு கேட்ட பாகத்துலதான இருக்குது. நான் சொல்றேன்" என்றாள். அதற்கு மேல் கஜபதியால் மறுக்க முடியவில்லை. கிணறு வெட்டும் தங்கவேலையும் அவன் ஆட்களையும் கூட்டிவந்தார்கள்.

தூர்ந்த மண் சீக்கிரமே வந்துவிட்டது. பழைய அடித்தரை தெரிந்த அன்று தங்கவேல் பக்கச் சுவரைச் செதுக்கிக்கொண்டிருந்தான். கடப்பாரை எதிலோ பட்டு ஒரு மாதிரி ஒலித்தது. சுவரிலிருந்து ஒரு பாளம் சரிந்தது. கூடை மேலே வந்தபோது அதைத் தலையில் வாங்கக் குனிந்தவள் கெங்கம்மாள். மஞ்சள் மண்ணுக்கு நடுவே ஒரு தொடை எலும்பு கிடந்தது.

அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. முழங்கை நீளம். ஒரு முனை மூட்டுப்போல உருண்டு புடைத்திருந்தது. மறுமுனை உடைந்து, நடுவே மஜ்ஜை இருக்கும் இடம்போல ஒரு துளை. நிறம் பழுப்பு. அவள் கையில் எடுத்தாள். எடை கையை இழுத்தது. உடைந்த முனையிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு சில்லு தனியாகக் கூடையில் கிடந்தது. அதை ஏன் எடுத்து மடியில் செருகினாள் என்று அவளுக்கே தெரியாது. கை தானாகச் செய்துவிட்டது.

தங்கவேல் கயிற்றைப் பிடித்து மேலே ஏறி வந்தான். "கல்லா எலும்பா பாருங்கம்மா. எனக்குப் பாத்தா நல்லாப் படல" என்றான். ஆட்கள் கூடிவிட்டார்கள். கூழ்ச் சட்டியோடு வந்த ரத்தினம்மாள் அவர்களை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தாள். சட்டியை இறக்கி வைத்தாள். "எந்த எடத்துல இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கஜபதி வந்து பார்த்தார். திரும்பிப் போய் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் ஏதாவது பேசியிருந்தால், திட்டியிருந்தால்கூட, கெங்கம்மாளுக்கு மூச்சு வந்திருக்கும்.

பொழுது இறங்குவதற்குள் கிராம முனிசீப் கோதண்டம் வந்தார். கெட்டவர் அல்ல. ஆனால் பயந்த மனுஷன். "நான் எழுதாம இருக்க முடியாது கஜபதி. நாளைக்கி எவனாவது சித்தூரு கலெக்டருக்கு எழுதிப் போட்டா எங் கழுத்துக்கு வரும்" என்றார்.

"எழுதுங்க" என்றார் கஜபதி. அவ்வளவுதான்.

போலீசார் வந்தார்கள். குழியில் கிடைத்ததைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். குழியில் யாரும் இறங்கக்கூடாது என்றார்கள். கஜபதி தினமும் காலையில் திருத்தணி ஸ்டேஷனுக்கு வந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சப்-இன்ஸ்பெக்டர் உத்தரவு போட்டார். ஆஸ்பத்திரி டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். எலும்புக்கு இத்தனை கனம் இருக்காது, ஆனால் உருவம் எலும்புதான், மெட்ராசில் தெரிந்தவர்கள் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஆடிக் கிருத்திகை வந்துகொண்டிருந்தது. காவடிக் கூட்டத்துக்கே ஆள் போதவில்லை, திருவிழா முடிந்த பிறகுதான் அனுப்ப முடியும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

ஆக, காத்திருக்க வேண்டும். கெங்கம்மாளால் அதுதான் முடியவில்லை.

அவளிடம் ஊர் அறியாத ஒன்று இருந்தது. தம்பி போன அன்று கஜபதியும் வீட்டில் தங்கவில்லை. விடியும்போதுதான் திரும்பி வந்தார். முழங்கால்வரை சேறு. வேட்டி முழுக்கச் செம்மண். அவர் அவிழ்த்துப் போட்டதை எடுத்துப்போய் அவள் வாய்க்காலில் அலசினாள். தண்ணீர் சிவந்து ஓடியது. மண் நிறம்தான், வேறு ஒன்றும் இல்லை என்று அப்போது தனக்குச் சொல்லிக்கொண்டாள். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. அன்று கேட்காததை அடுத்த நாள் கேட்க முடியவில்லை. அப்படியே வருஷங்கள் போய்விட்டன. அவரோடு உழுதாள், நட்டாள், அறுத்தாள், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தாள், ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தாள். அந்தக் கேள்வி மட்டும் வயிற்றின் ஒரு மூலையில் கிடந்தது. இப்போது அது எழுந்து உட்கார்ந்துகொண்டது.

வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று மடியிலிருந்த சில்லை எடுத்துப் பார்ப்பாள். முகர்ந்து பார்த்தாள். மண் வாசனைதான் வந்தது. பல்லில் கடித்தாள், பல் கூசியது. வயல் ஓரத்தில் கிடந்த ஒரு மாட்டெலும்பைத் தேடி எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மாட்டெலும்பு வெளுத்து, லேசாக, விரலால் அழுத்தினால் உதிர்கிற மாதிரி இருந்தது. இது அப்படி இல்லை. கொஞ்சம் தைரியம் வந்தது. அடுத்த நிமிஷமே அந்த உடைப்பில் நீள நீளமாக ஓடிய நார்க்கோடுகள் கண்ணில் பட்டன. வெறும் கல்லுக்கு எதற்கு நார்? ஈர மண்ணில் கிடந்தால் எலும்பு இறுகிக் கல்லாகிவிடுமோ? யாரைக் கேட்பது? கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார்களே.

"மடியில இன்னா அக்கா வெச்சிகினு இருக்க?"

ரத்தினம்மாள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கெங்கம்மாள் மறைக்கவில்லை. கையை விரித்துக் காட்டினாள். ரத்தினம்மாள் அந்தச் சில்லை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அந்த வாரத்தில் அவள் முகமே மாறிப்போயிருந்தது. தெருவில் போனால் பெண்கள் முதலில் அவள் நெற்றியைத்தான் பார்த்தார்கள், பொட்டு இருக்கிறதா என்று.

"காலையில எழுந்தா பொட்டு வெக்கிறதா வாணாமான்னே தெரியல அக்கா" என்றாள். "எதுவா இருந்தாலும் தெரிஞ்சிட்டாத் தேவல."

அவர்களுக்கு வழி காட்டியது பக்கத்து வீட்டுச் சுலோச்சனா. அவள் திருத்தணிப் பிரயாணிகள் பங்களாவில் பெருக்கிக் கழுவும் வேலை பார்த்தாள். "எங்க பங்களாவுல சர்க்காரு ஆபீசரு ஒருத்தரு வந்து தங்கிகினு இருக்காரு. வேற வேலயே இல்ல. மலமலயாப் போயி கல்ல ஒடச்சிகினு வந்து பொட்டியில அடுக்கறாரு. கல்லுக்கெல்லாம் பேரு சொல்றாரு" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னதைக் கெங்கம்மாள் பிடித்துக்கொண்டாள்.

கிருத்திகைக்கு முதல் நாள் இரண்டு பேரும் கிளம்பினார்கள். ரத்தினம்மாளின் வேண்டுதல் என்று வீட்டில் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து புஷ்பக் காவடிகள் சாரிசாரியாக வந்துகொண்டிருந்தன. மஞ்சள் வேட்டிகளும் அரோகராச் சத்தமும் வண்டிப் புழுதியுமாகப் பாதை அடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஆடியிலும் அந்தக் கூட்டத்தில் நுழைந்ததும் கெங்கம்மாளுக்கு உடம்பு சிலிர்க்கும். அன்று காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு கை மடியைப் பிடித்தபடி இருந்தது. அந்த ஆபீசர் இதைப் பார்த்துவிட்டு எலும்பு என்று சொன்னால்? தன் கையாலேயே கொண்டுபோய்ப் புருஷன் கழுத்தில் கயிற்றை மாட்டியவள் ஆவாள். பங்களா வாசலில் அவள் கால் நின்றுவிட்டது. ரத்தினம்மாள்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

நாகேந்திரன் என்று பெயர். முப்பது வயது இருக்கும். வெயிலில் கருத்த முகம். தாய்மொழி தெலுங்கு என்பது பேச்சில் தெரிந்தது. தாழ்வாரத்தில் ஒரு நீள மேஜை, அதன்மேல் கற்கள், ஒவ்வொன்றின்மேலும் ஒட்டிய சிறு காகிதம். கெங்கம்மாள் சில்லை மேஜைமேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள்.

"இது இன்னான்னு பாத்துச் சொல்லணும் ஐயா."

"எங்க கெடச்சுதும்மா?"

"கெணறு வெட்டறப்போ."

அவர் அதை ஒரு கிண்ணத் தண்ணீரில் நனைத்தார். கண்ணோடு ஒட்டி ஒரு சிறு பூதக்கண்ணாடியைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திரும்பிப் பார்த்தார். பேனாக்கத்தியை எடுத்து அழுத்திக் கீறினார். கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாகக் கல்லில் ஒட்டியது, கல் கீறல் படவில்லை. கல்லின் முனையால் ஒரு பழைய கண்ணாடித் துண்டைக் கீறினார். கண்ணாடியில் கோடு விழுந்தது. பிறகு, ஒட்டுகிறதா என்று நாக்கு நுனியால் கல்லைத் தொட்டார். ரத்தினம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, சில்லிலிருந்து ஒரு சின்னப் பொறுக்கை உடைத்து, இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டினார். மயிர் பொசுங்கும் நாற்றம் வருமோ என்று கெங்கம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ஒரு நாற்றமும் வரவில்லை. பொறுக்கு சிவந்தது, ஆறியது, அப்படியே இருந்தது.

"இது கல்லும்மா" என்றார். கெங்கம்மாள் சில்லைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினாள். ஆனால் அவர் முடிக்கவில்லை. "ஆனா எப்பவும் கல்லா இருந்ததில்ல. ஒரு காலத்துல உயிரோட இருந்தது. மரமா இருக்கலாம், ஏதாவது மிருகத்தோட எலும்பா இருக்கலாம். மண்ணுக்கடியில கெடந்து கெடந்து கல்லா மாறியிருக்கு. பாசில்னு சொல்லுவோம். எனக்கு மரம்னுதான் படுது. துண்டு சின்னது, நிச்சயமாச் சொல்ல முடியல."

கல்லாக மாறியிருக்கிறது என்ற சொல்லோடு கெங்கம்மாளின் காது அடைத்துப்போயிற்று. அவள் கேட்க நினைத்ததை ரத்தினம்மாள் கேட்டாள்.

"எட்டு வருஷத்துல அப்பிடி மாறுமா ஐயா?"

நாகேந்திரன் சிரிக்கப் போனவர், இரண்டு பேர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார். இடுக்கியைக் கீழே வைத்தார். "ஏம்மா எட்டு வருஷம்?" என்று கேட்டார்.

ரத்தினம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். அடிதடி, காணாமல் போனது, பாதிக் கிணறு, போலீஸ். நிறுத்தாமல், அழாமல் சொன்னாள். வேட்டியில் இருந்த செம்மண்ணைப் பற்றி மட்டும் அவளால் சொல்ல முடியாது. அது அவளுக்குத் தெரியாது. தெரிந்தவள் வாயைத் திறக்கவில்லை.

"எட்டு வருஷம் இல்ல, எட்டு லட்சம் வருஷம்கூடப் போதாதும்மா" என்றார் நாகேந்திரன் மெதுவாக. "மனுஷ ஜாதியே பொறக்காத காலத்துது இது. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா போலீசு ஒத்துக்கணும்னா கெடந்த எடத்த நான் பாக்கணும். குழியில விழுந்த மண்ணுக்குள்ள கெடந்துதா, இல்ல சுவரோட ஒட்டிகினு இருந்துதா, அது முக்கியம். இந்தக் கல்லு பழசுங்கறதால மட்டும் அந்தக் குழியில வேற ஒண்ணும் இல்லன்னு ஆயிடாது."

அந்தக் கடைசி வார்த்தை கெங்கம்மாளோடு வீடுவரை வந்தது.

நாகேந்திரன் சப்-இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தார். திருவிழா முடிந்த மறுநாள் வருவதாக ஏற்பாடாயிற்று. ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த கஜபதியின் காதில் இந்தப் பேச்செல்லாம் விழாமல் இருக்குமா. அன்று வீட்டுக்கு வந்தவர் தட்டின்முன் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"பங்களாவுக்குப் போனியா?"

"போனேன்."

"அந்தத் துண்ட எதுக்கு மறச்சி வெச்ச?"

அவள் குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் சோற்றில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டார். நடுவில் இருந்த அந்தக் கிருத்திகை நாள் முழுக்க, வேலையாக இருப்பதுபோல இரண்டு பேரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் நடமாடினார்கள்.

குறித்த நாளில் ஊர் முழுக்கக் குழியைச் சுற்றி நின்றது. கோதண்டம் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றார். சாக்கில் சுற்றிய கல் அவர்கள் காலடியில் இருந்தது. கஜபதி எதிர்க்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நாகேந்திரன் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினார். இடம் காட்டத் தங்கவேலும் இறங்கினான்.

மேலே இருந்து பார்த்தால் இருவர் தலையும் முதுகும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் பேச்சுக் குரல் வந்தது. பிறகு நாகேந்திரன், "இங்க சரிஞ்சு போயிருக்கே" என்று சொன்னது கேட்டது. கல் இருந்த இடத்தின்மேல் பழைய மண் சரிந்து மூடியிருந்தது. எது பழைய மண், எது வெட்டாத சுவர் என்று தெரியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து, "என்ன சார்?" என்று கேட்டார். தங்கவேல் மண்ணை வாரும் சத்தம் மட்டும் வந்தது. வாரி வாரிக் கூடையில் போட்டான். ஒவ்வொரு கூடையையும் ஒரு கான்ஸ்டபிள் கொட்டிக் கிளறினார். வேப்பஞ்சருகும் ஓட்டுச்சில்லும் ஒரு துருப்பிடித்த ஆணியும் வந்தன. ஆணியைக் கான்ஸ்டபிள் கையில் எடுத்துப் பார்த்தபோது கெங்கம்மாள் கூட்டத்தை விலக்கி ஓரடி முன்னால் போனாள். அவர் அதை வீசி எறிந்துவிட்டார்.

எதிர்க்கரையில் இருந்த புருஷனைப் பார்த்தாள். அவர் குழியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியது. நின்று நின்று, பொறுமையாக. பிறகு நாகேந்திரன் மேலே பார்த்து, "அந்தக் கல்ல இறக்குங்க" என்றார். கூடையில் வைத்து இறக்கினார்கள்.

"சார், நீங்க இறங்கி வந்து பாக்கணும்."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கோதண்டத்திடம் கொடுத்துவிட்டு அரைமனதாக இறங்கினார். நாகேந்திரன் சொல்லிக்கொண்டு போனது மேலே எல்லாருக்கும் கேட்டது. பழைய மண்ணை முழுக்க விலக்கியாயிற்று, அதற்குப் பின்னால் இருப்பது கூழாங்கல்லும் மணலும் இறுகிய பாறை, யார் கையும் படாதது. இதோ, கல் உட்கார்ந்திருந்த பள்ளம். உடைந்த முனையை வைத்தால் அச்சாகப் பொருந்துகிறது. மிச்சம் பாறைக்குள்ளே போகிறது பாருங்கள். உள்ளே போகப் போகப் பருத்துக்கொண்டே போகிறது. இது கிளை பிரிந்த கணு, எலும்பு மூட்டு என்று நினைத்தது இதைத்தான். இது நடு வயிரத்தைச் சுற்றின ஆண்டு வளையம். மரம்தான், சந்தேகமே இல்லை. கூழாங்கல் அடுக்கு இதற்கு மேலே உடையாமல் ஓடுகிறது. எந்த மனுஷனும் இதை இங்கே புதைத்திருக்க முடியாது. அடித்தரையும் அதே பாறைதான். இந்தக் குழியில் ஒளிக்க இடம் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் விரலால் அந்த வளையங்களைத் தடவிப் பார்த்தாராம். தங்கவேல் பிறகு சொன்னான். மேலே வந்து தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டார். "நாளையிலேர்ந்து நீ ஸ்டேஷனுக்கு வரவேணாம். கெணத்த வெட்டிக்க" என்று கஜபதியிடம் சொல்லிவிட்டு நடந்தார். கோதண்டம் குடையை மடக்கிக்கொண்டு அவர் பின்னால் போனார். ஊர் கலைந்தது.

கெங்கம்மாள் தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. உடம்பு முழுக்க வலித்தது, நாள் பூராவும் நாற்றுப் பறித்ததுபோல.

ரத்தினம்மாள் குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கெங்கம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் சொன்னாள்: "அது அவரா இருந்துட்டாக்கூடப் பரவால்லன்னு ஒரு நாள் நெனச்சிட்டேன் அக்கா. அழுது முடிச்சிடலாம்னு."

கெங்கம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கஜபதி எழுந்து அவர்கள் பக்கம் வந்தார். கெங்கம்மாளைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் ரத்தினம்மாள் அங்கே இருப்பது தெரிந்துதான் பேசினார்.

"நான் செஞ்சிருப்பேன்னு நெனச்சியா?"

"நெனச்சேன்" என்றாள். பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. "அன்னிக்கி விடிய நேரத்துக்குச் சேத்துக்காலோட வந்தீங்க. எங்க போனீங்கன்னு சொல்லல."

"நீ கேக்கவேயில்ல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"தெரியல" என்றார். பிறகு மண்ணில் குந்தி உட்கார்ந்து சொன்னார். கோபம் இறங்கியதும் தம்பியைத் தேடிக்கொண்டு திருத்தணி ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினாராம். நந்தியாற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, அதில் இறங்கித்தான் கடந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் மெட்ராஸ் ரயில் போய்விட்டது. கிழிந்த சட்டையோடு ஓர் ஆள் அதில் ஏறினதாகப் போர்ட்டர் சொன்னான். அவன்தானா என்று தெரியவில்லை. ஒருவேளை ஏறாமல் அடுத்த ரயிலுக்கு வருவானோ என்று பின்னிரவுவரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

"ஊரு பாக்க அடிச்சிட்டு, அப்பறம் தேடிகினு ஓடினேன்னு எந்த மொகத்தோட சொல்றது. அந்தக் கெணத்தப் பாத்தாலே அவன் நெனப்புதான் வரும், அதான் அப்பிடியே உட்டுட்டேன்" என்றார்.

"எங்கிட்ட சொல்லாட்டிப் போவுது. இவகிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?" கெங்கம்மாளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "எட்டு வருஷமா இவ மலமேல ஏறி எறங்கிகினு கெடக்கறா. ரயிலு ஏறிட்டான்னு ஒரு வார்த்த. அது கூடவா வாயில வரல?"

கஜபதி தலையைக் குனிந்துகொண்டார்.

ரத்தினம்மாள்தான் பேசினாள். "அந்த மெட்ராஸ் ரயிலு எப்போ போவுது பாவா?"

"வெளக்கு வெக்கற நேரத்துக்கு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில் ஒரு வண்டியில் அவனை ஏற்றி உட்கார வைத்துப் பார்க்கிறவள்போல இருந்தது அவள் முகம். வெகுநேரம் கழித்து எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாடு கத்துது" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

நாகேந்திரன் பாறையில் இருந்த மிச்ச மரத்தில் ஒரு பகுதியைக் கவனமாக உடைத்து, பஞ்சு வைத்துப் பெட்டியில் அடைத்து எடுத்துப்போனார். பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. தங்கவேல் வேலையைத் தொடர்ந்தான். கூழாங்கல் அடுக்கைத் தாண்டி இன்னும் ஓர் ஆள் ஆழம் போனதும் வடக்கு மூலையில் ஊற்று கசிந்தது. நல்ல தண்ணீர்.

ஊற்றைப் பார்த்த அன்றே ரத்தினம்மாள் கேட்டுவிட்டாள். "அவரு பாகத்தப் பிரிச்சிக் குடுத்துடுங்க பாவா. அவரு வந்தா வரட்டும். வர வரைக்கும் நான் பயிர் வெக்கிறேன்." ஒண்டிப் பெண் எப்படிப் பயிர் செய்வாள் என்று ஊர் சொல்லிற்று. கஜபதி கோதண்டத்தைக் கூட்டிவந்து, கயிறு போட்டு அளந்து, கிணற்றோடு சேர்ந்த பாதியை அவளுக்கு விட்டார். கிணறு பொது என்று பேசிக்கொண்டார்கள்.

வேதாசலம் வரவில்லை. ரத்தினம்மாள் முதலில் வேர்க்கடலை போட்டாள், அடுத்து நெல், பிறகு கரும்பு. மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, அவசரமில்லாமல் போய்வந்தாள். கெங்கம்மாள் மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டாள். எதையும் கேட்டுவிடுவாள். சந்தைக்குப் போய் வந்தால் யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள், ஏன் நேரமாயிற்று என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்பாள். கஜபதிக்கு அது முதலில் கஷ்டமாக இருந்தது. முனகிக்கொண்டே பதில் சொல்லுவார். போகப் போக, அவள் கேட்பதற்கு முன்னாலேயே தடுமாறித் தடுமாறிச் சொல்லத் தொடங்கினார். கனகம்மாசத்திரத்தில் பஸ் கெட்டு நின்றதையும், வழியில் ஒருவன் கடன்பட்ட கதையை அழுது சொன்னதையும், அன்று தனக்கு மனசு சரியில்லாததையும்கூட. அவள் அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக்கொள்வாள். "அப்பறம்?" என்பாள்.